ஆறு மணி நேரம் கரையில்: மூன்று மாலுமிப் படங்களில் எதைப் போடுவது?

என் அக்கா மகன் வேலை செய்யும் சரக்குக் கப்பல் வருகிற வெள்ளிக்கிழமை லண்டனுக்கு அருகில் உள்ள டில்பரி துறைமுகத்துக்கு வருகிறது. அவனுக்கு 22 வயது. இதுதான் முதல் காண்ட்ராக்ட். தூத்துக்குடியை விட்டுக் கிளம்பி ஏழு மாதம் ஆகிறது. கரையில் 6 மணி நேரம் கிடைக்கும் என்கிறான். டில்பரி டவுனில் ரயிலேறி, பார்க்கிங் என்ற ரயில் நிலையத்தில் மாறி, ஈஸ்ட் ஹாமில் இறங்கி என் வீட்டுக்கு வந்து திரும்புவதற்கே 2 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். துறைமுக வாசலில் சோதனை, காத்திருப்பு எல்லாம் தனி.

"மாமா, ஊர் சுற்றிப் பார்க்க வேண்டாம். சோறும் ரசமும் வைத்துக் கொடுங்கள். அப்புறம் அசையாத ஓர் இடத்தில் உட்கார்ந்து உங்களோடு ஒரு படம் பார்க்க வேண்டும்" என்று தொலைபேசியில் சொன்னான். பழைய பிரிட்டிஷ் படங்கள்மீது எனக்கு இருக்கும் பித்து அவனுக்குத் தெரியும். மாலுமிகளைப் பற்றியதாகவே ஒன்றைப் போடுங்கள், எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டான்.

ஒரு வாரமாக இதே யோசனையாக இருக்கிறேன். கடைசியில் மூன்று படங்கள் கையில் நின்றன. 1942-இல் வந்த 'இன் விச் வி சர்வ்', 1951-இல் வந்த 'பூல் ஆஃப் லண்டன்', 1953-இல் வந்த 'தி க்ரூயல் சீ'. மூன்றும் கறுப்பு வெள்ளைப் படங்கள். மூன்றுக்கும் பழுது நீக்கிப் புதுப்பித்த பிரதிகள் இருக்கின்றன. மூன்றிலும் மாலுமிகள் கரைக்கு இறங்குகிறார்கள், நேரம் வந்ததும் திரும்பிப் போகிறார்கள். ஆனால் கரையில் அவர்களை யார் எப்படி வரவேற்கிறார்கள் என்பதில்தான் மூன்றும் மூன்று திசையில் பிரிகின்றன. அதை வைத்துத்தான் நான் முடிவெடுக்கப் போகிறேன்.

முதலில் 'இன் விச் வி சர்வ்'. நோயல் கவர்ட் எழுதி, நடித்து, டேவிட் லீனுடன் சேர்ந்து இயக்கியது. லீனின் பெயர் இயக்குநராக வந்த முதல் படம் இதுதான். மவுண்ட்பேட்டன் தலைமையில் இருந்த 'கெல்லி' என்ற நாசகாரிக் கப்பல் 1941 மே 23 அன்று கிரீட் தீவுக்கு அருகில் ஜெர்மன் விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அந்தக் கதைதான் படத்தில் 'டாரின்' என்ற கப்பலின் கதையாக மாறுகிறது. கப்பல் மூழ்கியபின் எண்ணெய் படிந்த கடலில் ஒரு மிதவையைப் பிடித்துக்கொண்டு சில ஆட்கள் கிடக்கிறார்கள். அவர்களுடைய நினைவுகளாகக் கரை வாழ்க்கை விரிகிறது: கேப்டனின் வீடு, தலைமைப் படைவீரர் ஹார்டியின் வீடு, சாதாரண மாலுமி ஷார்ட்டி பிளேக்கின் வீடு. மேல்தட்டு, நடுத்தட்டு, உழைக்கும் வர்க்கம் என்று மூன்று குடும்பங்கள். போர் நடந்துகொண்டிருந்தபோதே, மக்களுக்கு மன உறுதி கொடுப்பதற்காக எடுத்த படம். அந்த நோக்கம் ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. கவர்டின் கேப்டன் பேசும் உயர்குடி உச்சரிப்பு இன்றைய காதுக்கு விறைப்பாகத்தான் இருக்கும்.

ஆனாலும் இந்தப் படத்தை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. காரணம், ஒரு காட்சி. ஹார்டி கப்பலில் உட்கார்ந்து மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். ஷார்ட்டிக்கு அப்போதுதான் வீட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது: அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அதே கடிதத்தில், பிளிமத் நகரில் விழுந்த குண்டில் ஹார்டியின் மனைவி இறந்துவிட்டாள் என்ற செய்தியும் இருக்கிறது. நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் போய் நிற்கிறான். ஹார்டி சேதியைக் கேட்டுக்கொள்கிறார், குழந்தை பிறந்ததற்கு மகிழ்ச்சி தெரிவிக்கிறார், மேல்தளத்துக்குப் போகிறார், எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைக் கடலில் போடுகிறார். ஹார்டியாக நடித்த பெர்னார்ட் மைல்ஸ் அழவில்லை. ஷார்ட்டியாக நடித்த ஜான் மில்ஸும் அழவில்லை. கடலில் இருப்பவன்தான் ஆபத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, கரையில் இருந்தவள் போய்விடுகிறாள். கப்பலுக்குப் போனவர்கள் உள்ள எந்த வீட்டுக்கும் இந்தக் காட்சி புரியும்.

இன்னொன்றும் உண்டு. முதல் சண்டையில் பயந்துபோய்த் தன் இடத்தை விட்டு ஓடிவிடும் இளம் ஸ்டோக்கர், அதாவது கொதிகலன் அறை ஆள். அந்த வேடத்தில் வருபவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. பிற்காலத்தில் 'காந்தி' படத்தை இயக்கிய அதே அட்டன்பரோ, இங்கே 18 வயதுப் பையன். படத்தின் பெயர்ப் பட்டியலில்கூட அவர் பெயர் இடம்பெறவில்லை. தவறுக்குப் பிறகு அவன் கரையில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து குடிக்கிறான். சீருடை போட்டவனை ஊரே பெருமையோடு பார்க்கிறது. அந்தப் பெருமைக்குத் தான் தகுதியில்லை என்பது அவனுக்கு மட்டும் தெரிகிறது. இளம் மாலுமி ஒருவன் கரையில் படும் தனிமையை இந்த ஒரு முகத்தில் பார்க்கலாம்.

'தி க்ரூயல் சீ' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாலைக்கு அது சரிப்படாது என்று ஏறக்குறைய முதலிலேயே தெரிந்துவிட்டது. நிக்கலஸ் மான்சரட்டின் நாவலை வைத்து ஈலிங் ஸ்டூடியோவுக்காகச் சார்லஸ் ஃப்ரெண்ட் இயக்கியது. அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகும் 'காம்பஸ் ரோஸ்' என்ற கார்வெட் கப்பல். ஜாக் ஹாக்கின்ஸ் அதன் கேப்டன் எரிக்சன். ஈரப் புல்லில் விட்டாலும் ஆடும் என்று மாலுமிகளே சொன்ன வகைக் கப்பல் அது. மூன்று படங்களில் கடலை மிக நேர்மையாகக் காட்டுவது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். தண்ணீரில் தத்தளிக்கும் சொந்த நாட்டு ஆட்களுக்குக் கீழே நீர்மூழ்கி இருப்பதாகக் கருவி சொல்கிறது. எரிக்சன் அந்த ஆட்கள்மீதே கப்பலைச் செலுத்தி வெடிகளைப் போடச் சொல்கிறார். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. லிவர்பூலில் கரையிறங்கி, தங்கை வீட்டைத் தேடிப் போகும் மாலுமியும், அந்தத் தங்கையை மணக்க ஆசைப்பட்ட அவன் நண்பனும், வீடு இருந்த இடத்தில் இடிபாட்டைப் பார்க்கும் காட்சியும் அப்படித்தான். 126 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாக உட்கார்ந்து பார்க்க நினைப்பவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும். நாளைக் காலை கடலுக்குப் போகிறவனுக்கு முந்தின இரவில் போட மாட்டேன்.

இனி 'பூல் ஆஃப் லண்டன்'. பேசில் டியர்டன் இயக்கியது. இதுவும் ஈலிங் ஸ்டூடியோ படம். தேம்ஸ் நதியில் லண்டன் பாலத்திலிருந்து டவர் பாலத்தைத் தாண்டிக் கீழே நீளும் நீர்ப்பரப்பின் பெயர்தான் படத்தின் பெயர். ஒரு காலத்தில் உலகத்துச் சரக்கெல்லாம் வந்து குவிந்த இடம். 'டன்பார்' என்ற வணிகக் கப்பல் ஆற்றில் ஏறி வந்து கட்டுகிறது. ஆட்களுக்கு ஒரு வார இறுதி கரையில். அது முடிந்ததும் கப்பல் கிளம்ப வேண்டும். இந்தப் படத்தில் போர் இல்லை, சீருடை இல்லை, கொடி இல்லை. பையில் சம்பளப் பணத்தோடு, யாருக்கும் தெரியாத முகங்களாக ஆட்கள் ஊருக்குள் இறங்குகிறார்கள்.

இருவர் முக்கியம். டான் என்ற வாய்த்துடுக்கான மாலுமி, சுங்க அதிகாரிகள் கண்ணில் மண்ணைத் தூவிச் சில்லறைக் கடத்தல் செய்பவன். போனர் கொலியானோ நடித்தது. அவன் நண்பன் ஜானி, ஜமைக்காவைச் சேர்ந்த கறுப்பின இளைஞன். எர்ல் கேமரன் நடித்தது. ரோட்டர்டாமுக்கு ஒரு சிறு பொட்டலத்தைக் கொண்டுபோனால் நல்ல பணம் என்று டானுக்கு ஆசை காட்டுகிறார்கள். பொட்டலத்துக்குப் பின்னால் வைரக் கொள்ளையும் ஒரு கொலையும் இருக்கின்றன. ஒன்றும் அறியாத ஜானியும் அதற்குள் இழுக்கப்படுகிறான். கொள்ளைக் கதை விறுவிறுப்பாகவே போகிறது. இடிபாடுகளுக்கு மேலே ஒரு வித்தைக்காரர் மாடிவிட்டு மாடி தாவும் இடத்தில் மூச்சு நின்றுவிடும். ஆனால் நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது கொள்ளைக்காக இல்லை.

ஜானி ஒரு நாடக அரங்கின் வாசலில் நிற்கிறான். வாயில்காப்பாளன் அவனை அவன் நிறத்தைச் சொல்லி விரட்டுகிறான். டிக்கெட் விற்கும் பெண் பேட் அதைப் பார்க்கிறாள். அங்கிருந்து ஒரு பழக்கம் தொடங்குகிறது. இருவரும் டிராமில் போகிறார்கள், கிரீனிச்சில் நடக்கிறார்கள். மனிதனுக்கு மனிதன் நிறம் ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கிறது என்று ஜானி பேசுகிறான். குரலை உயர்த்தவில்லை, பதில் கிடைக்காத கேள்வியை வெகுநாள் சுமந்தவன் பேசுவதுபோலப் பேசுகிறான். பேட் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேல் படம் அவர்களைப் போகவிடுவதில்லை. 1951-இல் பிரிட்டிஷ் திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் கறுப்பின ஆணும் இவ்வளவு தூரம் நெருங்கி நடந்ததே புதிது. விண்ட்ரஷ் கப்பல் கரீபியன் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. அந்தக் கப்பல் 1948-இல் வந்து நின்றதும் டில்பரியில்தான். என் மருமகன் இறங்கப்போகும் அதே துறைமுகம்.

பேட்டை விட்டு வந்த பிறகு ஜானி என்ன செய்கிறான் என்பதுதான் படத்தின் மிகக் கொடுமையான பகுதி. அன்பாகப் பேசுவதுபோல் ஒட்டிக்கொள்ளும் ஓர் ஆளை நம்பி ஒரு குடிக்கூடத்துக்குள் போகிறான். குடிக்க வைக்கிறார்கள், பணத்தை எடுத்துக்கொள்கிறார்கள், வெளியே தள்ளுகிறார்கள். கரையில் மாலுமிக்கு நேரும் ஆபத்து இதுதான். புயலும் டார்பிடோவும் அங்கே இல்லை. நேரம் குறைவு, தெரிந்த முகம் கிடையாது, யாராவது சிரித்துப் பேசினால் போதும் என்றிருக்கும் மனசு. எத்தனையோ துறைமுகங்களில் எத்தனையோ பேருக்கு நடந்ததை இந்தப் படம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறது.

எர்ல் கேமரனின் சொந்த வாழ்க்கையும் இதோடு சேர்கிறது. அவர் பெர்முடாவில் 1917-இல் பிறந்தவர். வணிகக் கப்பலில் மாலுமியாக வேலை செய்து 1939-இல் லண்டன் வந்து இறங்கினார். ஒரு பெண்ணோடு பழகியதில் கப்பல் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்று பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படி லண்டனில் தங்கி, வயிற்றுப் பிழைப்புக்குக் கிடைத்த வேலைகளைச் செய்து, நாடக மேடை ஏறி, முதல் திரைப்படமாக இதில் நடித்தார். கரையிறங்கிய கறுப்பின மாலுமியின் நடை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. 2020-இல் 102 வயதில் காலமானார்.

புதுப்பித்த பிரதி என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். இந்தப் படத்தை முதல்முறை ஒரு பழைய வீடியோ நாடாவில்தான் பார்த்தேன். இரவுக் காட்சிகளில் ஜானியின் முகமே தெரியவில்லை. தொப்பி தெரிந்தது, சட்டைக் காலர் தெரிந்தது, இரண்டுக்கும் நடுவில் ஓர் இருட்டு. நகல்மேல் நகல் எடுக்க எடுக்க, கறுப்பு வெள்ளைப் படத்தில் முதலில் செத்துப்போவது நிழலுக்குள் இருக்கும் நுண்ணிய சாம்பல் நிறங்கள்தான். விளைவாக, நிறத்துக்காக ஒதுக்கப்பட்ட ஒருவனின் கதையில் அவன் முகமே அழிந்துபோயிருந்தது. புதுப்பித்த பிரதியில் பார்த்தபோது, விளக்கு வெளிச்சத்தில் அவர் கன்னத்து எலும்பும் கண்ணின் ஈரமும் தெரிந்தன. ஒரு நடிகர் என்ன நடித்திருக்கிறார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த வேலை லேசானதும் இல்லை. விநாடிக்கு 24 சட்டகம் என்று கணக்குப் போட்டால், 85 நிமிடப் படத்தில் 1,22,400 சட்டகங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, கீறலையும் தூசியையும் நீக்கி, ஆட்டத்தை நிறுத்தி, ஒளியைச் சமன்படுத்த வேண்டும். 'இன் விச் வி சர்வ்' காலத்துப் படச்சுருள்கள் நைட்ரேட் வகை. சட்டென்று தீப்பற்றும், காலம் போகப் போகப் பொடியாகும். டேவிட் லீனின் ஆரம்ப காலப் படங்கள் பத்தை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் தேசிய ஆவணக் காப்பகம், அவருடைய நூற்றாண்டான 2008-ஐ ஒட்டிப் புதுப்பித்தது. இந்தப் படமும் அந்தப் பத்தில் ஒன்று. அளவுக்கு மீறித் துடைத்தால் தோல் மெழுகுபோல வழுவழுவென்று ஆகிவிடும் என்ற ஆபத்தும் இந்த வேலையில் உண்டு. நல்ல பிரதியில் படச்சுருளின் மணல்துகள் போன்ற மினுமினுப்பு அப்படியே இருக்கும். அதைப் பழுது என்று நினைத்துவிடக் கூடாது.

வாங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். பிரிட்டனில் விற்கும் ப்ளூ-ரே வட்டுகள் பெரும்பாலும் 'பி' மண்டலத்துக்கானவை. இந்தியா 'சி' மண்டலம். டிவிடி என்றால் பிரிட்டன் 2, இந்தியா 5. ஒரு மண்டலத்து வட்டு இன்னொரு மண்டலத்துக் கருவியில் ஓடாமல் போகலாம், அதனால் ஊருக்கு அனுப்பும் முன் உறையின் பின்புறம் பார்த்துவிடுங்கள். அடுத்தது, மூன்று படங்களும் ஏறக்குறைய சதுரத்துக்கு நெருங்கிய பழைய அளவில் எடுக்கப்பட்டவை. தொலைக்காட்சியில் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும், விழட்டும். திரை நிறைய வேண்டும் என்று இழுத்தால் ஆட்கள் குட்டையாகவும் அகலமாகவும் தெரிவார்கள். உடன் ஆங்கில வசன வரிகளையும் போட்டுக்கொள்ளுங்கள். கிழக்கு லண்டன் பேச்சு இங்கே முப்பது ஆண்டு வாழ்ந்த எனக்கே சில இடங்களில் பிடிபடுவதில்லை.

ஆக, போட்டி இரண்டு படங்களுக்குள்தான். வீட்டில் இருந்து காத்திருப்பவர்களோடு, அம்மாவோடு, மனைவியோடு சேர்ந்து பார்ப்பதென்றால் 'இன் விச் வி சர்வ்' முந்திக்கொள்ளும். கரையில் இருப்பவர்களின் பாரத்தை அதுபோல வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதில் மாலுமி கரையிறங்கும்போது ஒரு வீடு காத்திருக்கிறது, ரயிலில் இடம் விடுகிறார்கள், தட்டிக் கொடுக்கிறார்கள். சீருடைக்குக் கிடைக்கும் மரியாதை அது. என் மருமகனுக்கு அப்படி எதுவும் கிடைப்பதில்லை. போன மாதம் ஒரு துறைமுகத்தில் சிம் கார்டு வாங்க வெளியே போனவனை, வாசலில் முக்கால் மணி நேரம் நிற்கவைத்திருக்கிறார்கள். இன்னொரு ஊரில் டாக்சிக்காரர் இரண்டு மைலுக்கு நாலு மடங்கு வாங்கியிருக்கிறார். கரைவிடுப்பு மாலுமியின் உரிமை என்று 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை எழுதி வைத்திருக்கிறது. ஆனால் கன்டெய்னர் கப்பல்கள் ஒரு நாளுக்குள் சரக்கை இறக்கி ஏற்றிக் கிளம்பிவிடும் காலத்தில், அந்த உரிமையைப் பயன்படுத்த நேரம்தான் கிடைப்பதில்லை. அவன் ஜானியின் ஆள். உலகத்துக்குச் சரக்கு கொண்டுவருபவன், எந்த ஊருக்கும் விருந்தாளி ஆகாதவன்.

நேரக் கணக்கும் 'பூல் ஆஃப் லண்டன்' படத்துக்கே சாதகம். 115 நிமிடப் படத்தைப் போட்டால் சாப்பாட்டை அவசரமாக முடிக்க வேண்டும். 85 நிமிடம் என்றால் இரண்டாம் முறை ரசம் ஊற்றிக்கொள்ளலாம்.

முடிவெடுத்துவிட்டு நேற்று அக்காவிடம் சொன்னேன். கதையைக் கேட்டாள். மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. "தம்பி, அதில் யாராவது தண்ணீரில் விழுந்து சாகிறார்களா?" என்றாள். இல்லை என்றேன். "கப்பல் கடைசியில் கிளம்புகிறதா?" கிளம்புகிறது என்றேன். "அந்தக் கறுப்புப் பையன் அதில் ஏறிவிடுகிறானா?"

முடிவைச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். அவள் கேட்ட விதத்தில் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு டில்பரி டவுன் நிலையத்துக்கு நானே போய் நிற்கப் போகிறேன்.